செவப்பு மையில பெருவிரல்

— ஐயோ வடிவக்கா, முந்தானையிலயா தொடைக்குறீங்க? அது முத்திரைக்குன்னு வச்சிருக்குற செவப்பு மை. லேசுல போகாது.

— போகாட்டி போகட்டும் ஷிராணி மிஸ். சாணியில கைய வச்சிருந்தாக்கூட எனக்கு இப்பிடிக் கொமட்டாது.

— மொத தாள்ல வெரல் வச்சாச்சு. இன்னும் பதினோரு தாள் கெடக்கு. பத்து மணிக்கு ஜப்பான்ல இருந்து எழுத்துக்கலை குரு, அந்தக் கியோட்டோ பெரியவர் வந்துருவாரு, கூடவே விருந்தாளிங்க. இப்ப வந்து மாட்டேன்னு நின்னா நான் என்ன செய்யிறது?

— நான் எழுதுன தாளு. அதுல என் பேர எழுதுறேங்குறேன். வெரல் வைக்க மாட்டேங்குறேன். நான் கேக்குறேன், இதுல என்ன தப்பு?

— தப்புன்னு யார் சொன்னா? ஜப்பான்ல எழுதி முடிச்சதும் கீழ செவப்பு முத்திரை குத்துவாங்க, அது வழக்கம். ஒங்களுக்கு முத்திரைக் கட்டை இல்ல. அதுக்குப் பதிலா வெரல். பாருங்க, கறுப்பு எழுத்துக்குக் கீழ செவப்பு ரேகை, எவ்வளவு அழகா இருக்கு.

— அவங்க முத்திரையில அவங்க பேர் இருக்கும். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. என் ரேகையில என் பேர் எங்க இருக்கு?

— சரி, சரி. மொதல்ல ஒக்காருங்க. கண்ண மூடுங்க. மூச்ச மெதுவா உள்ள இழுங்க. அந்த அருவருப்ப அப்பிடியே மூச்சோட வெளிய விட்டுருங்க.

— அருவருப்பு மூக்கு வழியா வர்ற சாமான் இல்ல மிஸ்.

— ஷிராணி மிஸ், எல்லாம் சரியா? வேன் லிந்துல டவுனத் தாண்டிருச்சாம். வடிவக்கா இன்னும் கூடைய மாட்டலியா?

— வாங்க விநோஜன் மேனேஜர். நீங்க ஒருத்தர்தான் பாக்கி. தேயிலக் கொழுந்து மலைய விட்டு இந்தப் பங்களா எழுத்து வகுப்புக்கு வந்து ஒண்ணரை வருசமாச்சு. இன்னும் எதுக்கு எனக்குக் கூடை?

— படத்துக்குத்தான்கா. கூடை முதுகுல, பிரஷ் கையில. போன தடவ அதைப் பாத்துட்டு ஒரு லேடி அழுதுட்டாங்க, தெரியுமா?

— அந்தம்மா அழுததும் தெரியும், அழுது முடிச்சு என் கைய இழுத்து மோந்து பாத்ததும் தெரியும். சீச்சீ! நான் என்ன பழக்கடையில அடுக்கி வச்ச மாம்பழமா?

— தேயில வாசம் வருதான்னு பாத்திருப்பாங்கக்கா.

— வரும், வரும். காலையில பச்சக் கொழுந்தக் கசக்கி வெரலெல்லாம் தேய்ச்சு விட்டது நீங்கதானே. நகத்துல கறை இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்னீங்களே. மேனேஜர் வேலையாம். தூ!

— சரி, சரி, அதை விடுங்க. ஷிராணி மிஸ், நீங்களே பேசி முடிங்க. நான் கேட்டுக்குப் போறேன். மால வாங்கிட்டு வந்தானுங்களோ என்னவோ.

— போங்க விநோஜன், நான் பாத்துக்குறேன். கதவ சாத்திட்டுப் போங்க. அக்கா, நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க? பெரியவருக்குன்னு ராசாத்தி மாதிரி பன்னெண்டு தாள் எழுதிக் குடுத்தீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?

— நேத்து சாயங்காலம் அந்தக் கண்ணாடி அட்டைய வாசிச்சேன்.

— எந்த அட்டைய?

— என் எழுத்துக்குக் கீழ தொங்க விட்டிருக்கீங்களே, அதைத்தான். ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, ஒரு பக்கம் இங்கிலீசு. தூசி தட்டப் போனேன். சண்முகவடிவுன்னு என் பேர் கெடந்துச்சு. சரி, நம்மளப் பத்தி என்னதான் எழுதியிருக்காங்கன்னு எழுத்துக் கூட்டி வாசிச்சேன்.

— நீங்களா வாசிச்சீங்க? இங்கிலீசையா?

— பாத்தீங்களா, ஒங்களுக்கே ஆச்சரியமா இருக்கு. நான் ஓ-லெவல் பாஸ் மிஸ். தமிழுக்கு ஏ. இங்கிலீசுக்கு எஸ்தான், ஆனா பாஸ். அட்டையில ஒரே ஒரு சொல்லுதான் புரியல. வீட்டுக்குப் போய் என் மக தனுஷிகாவோட டிக்‌ஷனரியப் பொரட்டிப் பாத்தேன். எழுத வாசிக்கத் தெரியாதவள்னு போட்டிருந்துச்சு. அந்தச் சொல்ல டிக்‌ஷனரியில தேடி வாசிச்ச எழுத வாசிக்கத் தெரியாதவ, ஒலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— அக்கா, அது வந்து…

— இன்னும் இருக்கு. "எந்த மொழியும் அறியாததால் இவளது மனம் வெள்ளைத் தாள்." அப்பிடித்தானே? வெள்ளத் தாளாம். எம் மனசுக்குள்ள என்னென்ன கெடக்குன்னு ஒங்க கியோட்டோக்காரர் வந்து எட்டிப் பாத்தா, வந்த வேன்லயே திரும்பி ஓடிருவாரு.

— நீங்க அதைத் தப்பா எடுத்துக்குறீங்க. வெறுமைங்குறது அங்க பெரிய மரியாதையான விசயம். முப்பது, நாப்பது வருசம் தியானம் பண்ணி அந்த நெலைக்கு வரணும்னு ஏங்குறாங்க.

— அப்ப ஒங்க அட்டையிலயும் ஷிராணி மிஸ்ஸுக்கு எழுதத் தெரியாதுன்னு போட்டுக்கங்க. அந்தப் பெரிய மரியாதை ஒங்களுக்கும் கெடைக்கட்டும்.

— கோவத்துல பேசாதீங்க.

— கோவம் இல்ல மிஸ். கோவம் வந்தா ரெண்டு வார்த்த கத்திட்டு அடங்கிரும். இது அருவருப்பு. நேத்து ராச்சோறு எறங்கல. விடிஞ்சு எந்திரிச்சாலும் நாக்குல அதே கசப்பு. போன மாசம் தனுஷிகா இஸ்கூல் புள்ளைங்கள பங்களா சுத்திப் பாக்கக் கூட்டிட்டு வந்தாங்களே, நெனவிருக்கா?

— இருக்கு. ஒங்க மகளும் வந்தா.

— அன்னிக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து புள்ள என்கிட்ட பொஸ்தகத்த நீட்டல. அதுக்கு முந்தி ஒவ்வொரு நாளும் "அம்மா, இதச் சொல்லிக் குடு, அதச் சொல்லிக் குடு"ன்னு உசுர எடுப்பா. என்னமோ வயசுக்கு வர்ற பொண்ணு, மொகத்தத் திருப்புதுன்னு நெனச்சேன். நேத்து ராத்திரி அவகிட்ட கேட்டப்பத்தான் காரணம் புரிஞ்சுச்சு. கூட வந்த புள்ளைங்க அந்த அட்டைய வாசிச்சிட்டு, "ஒங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதாடி"ன்னு கேட்டிருக்குதுங்க.

— அதுக்கு அவ என்ன சொன்னாளாம்?

— ஆமான்னு சொன்னாளாம். தெரியும்னு சொன்னா, நான் இங்க பொய் சொன்னதா ஆயிருமேன்னு, எனக்காக ஆமான்னு சொன்னாளாம்.

— …நான் அதை யோசிக்கல அக்கா. உண்மையா யோசிக்கல.

— அந்தப் புள்ளைக்கு அ'னா, ஆ'வன்னா வெரல் புடிச்சு சொல்லிக் குடுத்தது நான். அந்த வெரலத்தான் இப்ப செவப்பு மையில முக்கச் சொல்றீங்க.

— சரி. நான் மன்னிப்புக் கேக்குறேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வச்சிருங்க. பெரியவர் பன்னெண்டு தாளையும் பாப்பாரு. புடிச்சிருந்தா அடுத்த ஏப்ரல்ல ஒங்களக் கியோட்டோவுக்கு அழைச்சிட்டுப் போவாரு. மூணு மாசம். அவர்கிட்டயே நேரா கத்துக்கலாம். நான் ஏழு வருசம் ஜப்பான்ல இருந்தும் எனக்கே அந்தக் குடுப்பினை கெடைக்கல.

— எனக்கு ஆசை இல்லன்னா நெனைக்குறீங்க?

— ஆசை இருக்குன்னு தெரியும். அதனாலதான் சொல்றேன்.

— மிஸ், நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. வந்த புதுசுல எனக்கு இந்த வேல பைத்தியக்கார வேலையாப் பட்டுச்சு. மைக்கட்டிய கல்லுல வச்சு, பீலியில புடிச்ச ஊத்துத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு, சுத்திச் சுத்தித் தேய்க்கணுமாம். அவசரப்படக் கூடாதாம். எழுதிப் பழக வர்ற விருந்தாளிங்களுக்குக் கை வலிக்குதுன்னு அந்தத் தேய்க்குற வேலைய என் தலையில கட்டுனீங்க. மை தேய்க்குறதுதான் பாதித் தியானம்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, எட்டுப் பேர் மையையும் என்னையத் தேய்க்க வச்சீங்க. அவங்க தியானத்தையும் நானே செஞ்சு குடுத்தேன்.

— அது நெசந்தான். நான் மறுக்கல.

— ஆனா தேய்க்கத் தேய்க்க எனக்குப் புடிச்சுப் போச்சு. அந்த மை வாசம் மூக்குல ஏறுனா, தலைக்குள்ள ஓடுற சத்தமெல்லாம் ஒண்ணொண்ணா எறங்கிரும். மலையில வேல வாங்குற கண்டாக்கு போட்ட சத்தம், லயத்து வீட்டுக் கூரை ஒழுகுறது, கொழும்புக்குப் போன மனுசன் போன் எடுக்காதது, எல்லாம். பொறகு ஒரு கோடு போடச் சொன்னீங்க. ஒண்ணுன்னு அர்த்தம்னீங்க. மூணு மாசம் அந்த ஒத்தக் கோட்டையே போட்டேன். பிரஷ வச்சா வச்சதுதான், திரும்பப் போய்த் திருத்தக் கூடாது. எனக்கு அது எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? திருத்தச் சொல்லி யாரும் பின்னால நின்னு கத்த மாட்டாங்க.

— அது ஒங்க கோட்டுல தெரியும் அக்கா. அதைத்தான் பெரியவர் பாக்க வர்றாரு.

— அதைத்தான் பாக்க வர்றாரா? இல்ல, அட்டையப் பாக்க வர்றாரா? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க. ஓ-லெவல் படிச்ச ஒரு பொம்பள நல்லா எழுதுறான்னு கடுதாசி போட்டிருந்தா, அவர் வந்திருப்பாரா?

— பெரியவர் வர்ற நேரமாச்சு அக்கா.

— சொல்லுங்க மிஸ். மூச்ச இழுத்துக்கிட்டே சொல்லுங்க.

— வந்திருக்க மாட்டாரு. போதுமா? நல்லா எழுதுறவங்க அங்க தெருவுக்கு நூறு பேர். மலையில கொழுந்து எடுத்த, ஒரு எழுத்தும் தெரியாத பொம்பள பிரஷப் புடிச்சான்னாத்தான் திரும்பிப் பாப்பாங்க. ஒலகம் அப்பிடி. நான் செஞ்ச ஒலகமா?

— இல்ல. ஆனா அட்டை நீங்க செஞ்சது.

— இங்க பாருங்க, நீங்க வெரல் வைக்காட்டி என்ன நடக்கும் தெரியுமா? இந்த வகுப்பே நின்னுரும். நான் கொழும்புக்குப் போயிருவேன். நீங்க திரும்பவும் காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு நிக்கணும். மைக்கட்டிய இந்தப் பொறப்புல தொட முடியாது. அதுக்குச் சம்மதமா?

— சம்மதம் இல்ல. மைக்கட்டிய விட்டுட்டு என்னால இருக்க முடியாது.

— அப்பிடின்னா வாங்க. வெரலக் குடுங்க. கண்ண மூடிக்கிட்டா ஒரு நிமிசம். …அக்கா? என்ன செய்யுறீங்க? பிரஷ கீழ வைங்க! அது மை தோய்ச்ச பிரஷ்!

— தோய்ச்சதாலதான் எழுத முடியுது.

— மொத தாள்லயா? கடவுளே, அந்த வெரல் ரேகைக்கு மேலயே எழுதுறீங்களே!

— ச… ண்… மு… க… நகருங்க மிஸ், வெளிச்சத்த மறைக்காதீங்க… வ… டி… வு. ஆச்சு. இப்ப ரெண்டாவது தாள்.

— வடிவக்கா, ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? தமிழ்ல பேர் எழுதுன தாள நான் எப்பிடி அவர் முன்னால வைக்குறது? கீழ்மூலைய வெட்டி எறியத்தான் வேணும்.

— வெட்டுங்க. கத்தரிக்கோல் மேசையோட ரெண்டாவது லாச்சியில இருக்கு. கோட்டோட கடைசி இழுப்பு அந்த மூலையிலதான் முடியுது. பேர வெட்டுனா எழுத்தும் போயிரும்.

— வேணும்னே அப்பிடி எழுதுனீங்களா?

— பிரஷ வச்சா வச்சதுதான், நீங்க சொல்லிக் குடுத்ததுதான். மூணாவது தாள இப்பிடித் தள்ளுங்க.

— சரி, இனி நானும் மரியாத பாக்கப் போறதில்ல. பொறுங்க, இங்கதான் எங்கயோ இருந்துச்சு… இந்தா. இது என்னன்னு தெரியுதா?

— இங்க வேலைக்கு ஆளெடுத்த அன்னிக்குப் பேர் பதிஞ்ச பொஸ்தகம்.

— மொதப் பக்கம். சண்முகவடிவு, அக்கரப்பத்தனை. பக்கத்துல இருக்குறது யார் கைநாட்டு?

— என்னோடதுதான்.

— பொய் சொன்னது யாருன்னு இப்பத் தெரியுதா? நான் கொழும்புல பொறந்து வளந்தவ. இந்த மலையில யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்க வெரல் வச்சீங்க, நான் நம்புனேன். நம்பித்தான் அந்த அட்டைய எழுதுனேன். பெரியவர் வந்ததும் இதை விரிச்சு வச்சு, இந்த அம்மா எங்கள ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுவேன். அப்பறம் ஒங்க பேர் அந்தத் தாள்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

— அப்பிடிச் செய்யாதீங்க மிஸ். ஒங்களுக்கு நல்லதில்ல.

— என்னைய மெரட்டுறீங்களா?

— இல்ல. ஒண்ணரை வருசமா வாயத் தொறக்காதவ, இப்பவும் தொறக்க வேணாம்னுதான் பாக்குறேன். பொஸ்தகத்த மூடி உள்ள வச்சிருங்க. நான் பேர் எழுதுறேன், நீங்க ஒங்க வேலையப் பாருங்க.

— முடியாது. எனக்குப் பதில் வேணும். ஓ-லெவல் படிச்சவ, தமிழுக்கு ஏ எடுத்தவ, ஏன் பேனாவ வாங்கிக் கையெழுத்துப் போடல? சொல்லுங்க.

— அந்தப் பக்கத்துல எத்தன வெரல் இருக்கு, எண்ணுங்க.

— பன்னெண்டு.

— எல்லாமே வெரல்தானே? ஒரு கையெழுத்துக்கூட இல்லையே. அக்கரப்பத்தனையில இஸ்கூலே இல்லன்னு நெனச்சீங்களா? அந்த வரிசையில வந்த பூரணி பாலர் பள்ளியில பாடம் எடுத்தவ. அவளும் வெரல்தான் வச்சா. அது ஏன்னு ஒங்களுக்கு ஒரு நாளும் தோணலியா?

— எல்லாரும் சேந்து ஏதோ வெளையாடியிருக்கீங்க.

— வெளையாட்டா? சரி, எல்லாத்துக்கும் மேல மொத வெரல் யாரோடதுன்னு வாசிங்க.

— அது எதுக்கு இப்ப?

— வாசிங்க மிஸ். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே.

— தெரேசா. டயகம. வயசு அறுபத்தி ரெண்டு… வடிவக்கா, இது வேணாம்.

— டயகமையில இருந்து மொத பஸ்ஸுல வந்தாங்க. வேலை கேட்டு வரல. வேலைக்கு வர்றவங்கள மட்டும்தான் கேட்டுக்குள்ள விட்டானுங்க, அதுக்காக வரிசையில நின்னாங்க. பேப்பர்ல வந்த ஒங்க படத்த சேல மடிப்புல இருந்து எடுத்து, எங்க எல்லாருக்கும் காட்டுனாங்க. மொகம் பூரா சிரிப்பு. மேசைக்கிட்ட அவங்க வந்ததும் நீங்க தலைய நிமித்திப் பாத்தீங்க. பாத்துட்டு, பேர் என்னன்னு கேட்டீங்க.

— நிறுத்துங்க. காலப் புடிக்குறேன், நிறுத்துங்க.

— சிரிப்பு அப்பவே நின்னு போச்சு. அடுத்ததா, புள்ளைங்க இருக்கான்னு கேட்டீங்க. அந்தம்மா ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. பொறகு, இல்லீங்க மிஸ்னாங்க. நீங்களும் இல்லன்னே எழுதுனீங்க. பக்கத்துல இருக்கு பாருங்க, நல்ல குண்டு எழுத்து.

— எனக்கு வேற வழி தெரியல… அந்த நேரத்துல எனக்கு…

— அவங்க வெரலப் புடிச்சு மையில அமுக்குனீங்க. அவங்க மொகத்த நிமிந்துகூடப் பாக்கல. வயசு கூடன்னு சொல்லித் திருப்பி அனுப்புனீங்க. அடுத்து என் மொறை. பேனா அங்கதான் கெடந்துச்சு மிஸ், ஒங்க கைக்குப் பக்கத்துல.

— ஏன் எடுக்கல? சொல்லுங்கக்கா, ஏன் நீங்க எடுக்கல?

— ஒங்களப் பெத்தவ வெரல் வச்ச எடத்துக்குக் கீழ பேனாவப் புடிச்சுக் கையெழுத்துப் போட, அந்த வரிசையில எங்க ஒருத்திக்கும் மனசு வரல.